ஃபார்மலின்: ஒரு விரலும் ஒரு மீனும்

2018 ஜூன் மாசம் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் டன் கணக்கில் மீனைப் பிடிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? கெட்டுப்போகாம இருக்க ஃபார்மலின் கலந்திருந்தாங்கன்னு செய்தி. அதுவரைக்கும் அந்தப் பேரையே கேள்விப்படாதவங்க கூட, அதுக்கப்புறம் மீன்கடையில் போய் மீனை மோந்து பார்க்க ஆரம்பிச்சாங்க. விலங்கியல் படிச்சவங்களுக்கு மட்டும் அது பழைய சிநேகிதம். கண்ணாடி ஜாடிக்குள்ள சுருண்டு கிடக்கிற பாம்பு, மூடியைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கிற நெடி, மறக்குமா என்ன!

மீன்கடையில் இருக்கவே கூடாத இந்தத் திரவம், இருக்க வேண்டிய இடத்துல என்ன வேலை செய்யுது, எப்படி அங்க வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க. :-)

சாராயத்தில் ஊறிய காலம்

ஃபார்மலினுக்கு முன்னாடி உடலைக் கெடாம வைக்க மனுஷனுக்குத் தெரிஞ்ச வழி மூணே மூணு. காய வைக்கிறது, உப்புப் போடுறது, சாராயத்தில் ஊற வைக்கிறது. முதல் ரெண்டும் நம்ம கருவாடு, உப்புக்கண்டம் சமாச்சாரம். சாப்பிட நல்லா இருக்கும், ஆனா உள்ளே உறுப்புகள் எப்படி இருந்ததுன்னு பார்க்க முடியாது. மூணாவது வழி 1660களில் லண்டன்ல சூடு பிடிச்சது. 1662-ல் வில்லியம் க்ரூன் என்பவர் ராயல் சொசைட்டியில் சாராயத்தில் போட்டு வைத்த நாய்க்குட்டிக் கருக்களைக் காட்டினார். ராபர்ட் பாயிலும் (ஆமாம், பள்ளிக்கூடத்துல படிச்ச அதே பாயில் விதிக்காரர்தான்) அதே சோதனைகளில் இறங்கினார். 1805-ல் டிரஃபால்கர் கடல் போரில் செத்த நெல்சனின் உடலை பிராந்திப் பீப்பாயில் வைத்துத்தான் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனா சாராயத்தில் மூணு சிக்கல். விலை ஜாஸ்தி. ஆவியாகிக்கிட்டே இருக்கும், மறுபடி மறுபடி ஊத்தணும். எல்லாத்துக்கும் மேல, அது திசுவில் இருக்கிற தண்ணியை உறிஞ்சி எடுத்துடும். உறுப்பு சுருங்கி, விறைச்சு, நிறம் வெளுத்துப் போயிடும். மைக்ராஸ்கோப்பில் செல்களைப் பார்க்கணும்னு நினைக்கிறவனுக்கு இது பெரிய தலைவலி. குரோமிக் அமிலம், பாதரச உப்புன்னு என்னென்னமோ முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. எல்லாத்துலயும் ஏதோ ஒரு குறை.

ப்ளூமின் விரல்கள்

ஃபார்மால்டிஹைடு வேதியியல் உலகத்துக்கு 1859-லேயே அறிமுகம். ரஷ்யாவின் அலெக்சாந்தர் புட்லெரோவ் அதைத் தயார் பண்ணிட்டார், ஆனா கையில் இருப்பது இன்னதுன்னு அவருக்குச் சரியாப் பிடிபடவில்லை. 1867-ல் ஆகஸ்ட் ஹோஃப்மன் மெத்தனால் ஆவியையும் காற்றையும் சூடான பிளாட்டினத்தின் மேல் செலுத்தி, இதுதான் அதுன்னு அடையாளம் காட்டினார். அதோட சரி. இருபது வருஷத்துக்கு மேல யாரும் உயிரியல் பக்கம் அதைக் கொண்டுவரவில்லை.

கதை 1893-க்கு வருது. இடம் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட். ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற இளம் டாக்டர், கிருமிநாசினியாக ஃபார்மால்டிஹைடு எவ்வளவு தூரம் உதவும்னு சோதனை செய்துகொண்டிருந்தார். ஹோக்ஸ்ட் சாயக் கம்பெனி தந்த சரக்கு அது. கிருமிகளைக் கொல்லுது, ஆனா மெதுவாத்தான் கொல்லுதுன்னு கண்டுபிடிச்சார். அந்த வேலையின் நடுவில் அவர் கவனிச்ச இன்னொரு விஷயம்தான் சரித்திரமாயிடுச்சு. கரைசலைத் தொட்டுத் தொட்டு அவர் விரல்களின் தோல் கெட்டியாகிப் போயிருந்தது. சாராயத்தில் ஊறின திசு எப்படி கெட்டியாகுமோ அப்படி.

வேற யாராவது இருந்தா "கை பாழாப்போச்சே"ன்னு எண்ணெய் தடவிக்கிட்டுப் போயிருப்பாங்க. மனுஷன் அப்படிப் போகலை. என் விரலைக் கெட்டியாக்குற சமாச்சாரம் மத்த திசுக்களை என்ன செய்யும்னு யோசிச்சார். சோதனையில் செத்த எலியின் உறுப்புகளைப் போட்டுப் பார்த்தார். வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்கள் தெளிவாத் தெரிஞ்சது. சாராயத்தில் வைத்ததைவிடச் சுருக்கமும் கம்மி. அதே 1893-ல் கட்டுரை எழுதிட்டார். அவரோட அப்பா இசாக் ப்ளூமும் அதே வருஷம், செடிகொடி, விலங்கு மாதிரிகளை இந்தக் கரைசலில் போட்டு வைக்கலாம்னு எழுதினார். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஒரே வருஷத்தில் மருத்துவமனையையும் மியூசியத்தையும் ஃபார்மலின் பக்கம் திருப்பிட்டாங்க!

யூதரான ப்ளூம் பிற்காலத்தில் நாஜிக்களின் காலத்தில் ஊரை விட்டே போக வேண்டி வந்தது. 1959-ல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் காலமானார். அதுக்குள்ள உலகத்தில் ஃபார்மலின் இல்லாத நோய்க்குறியியல் லேபே இல்லைங்கிற நிலை வந்துவிட்டது.

பத்து சதவீதம் என்கிற குழப்பம்

ப்ளூம் வாங்கினது 40 சதவீதக் கரைசல். அதுல ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி சேர்த்துப் பயன்படுத்தினார். இன்னிக்கும் உலகம் முழுக்க அதே கணக்குதான் ஓடுது. 130 வருஷமா!

இங்கதான் நிறையப் பேர் குழம்புவாங்க. ஃபார்மால்டிஹைடு என்பது வாயு. அதைத் தண்ணியில் முடிஞ்ச மட்டும் கரைச்சா எடையில் சுமார் 37 சதவீதம் வரும். அந்தக் கரைசலுக்குப் பேர்தான் ஃபார்மலின். அப்போ "10 சதவீத ஃபார்மலின்" என்றால் ஃபார்மலினில் பத்தில் ஒரு பங்கு. அதாவது உள்ளே இருக்கும் ஃபார்மால்டிஹைடு சுமார் 4 சதவீதம்தான். 10 சதவீத ஃபார்மால்டிஹைடு வேற, 10 சதவீத ஃபார்மலின் வேற.

சரி, அது திசுவுக்குள்ள என்ன பண்ணுது? தோல் பதனிடுறதை நினைச்சுக்குங்க. செத்த தோல் அழுகாம செருப்பா, பெல்ட்டா வருஷக்கணக்கா உழைக்குதில்லையா, கிட்டத்தட்ட அந்த வேலை. ஃபார்மால்டிஹைடு ஒரு புரதத்தின் ஒரு முனையைப் பிடிச்சு, பக்கத்துப் புரதத்தோட சின்னப் பாலம் போட்டு இணைச்சிடும். இப்படி லட்சக்கணக்கான பாலங்கள். செல்லைக் கரைக்கிற நொதிகளும் புரதம்தானே, அதுகளும் கட்டுப்பட்டுப் போயிடும். கிருமிகளுக்கும் அதே கதி. செல் இருந்த இடத்துல இருந்தபடியே நின்னுடும். அதனாலதான் லேப் ஆட்கள் இதை "ஃபிக்ஸ் பண்றது" என்கிறார்கள்.

இதுல ஒரு வேடிக்கை. தண்ணியில் கரைஞ்ச ஃபார்மால்டிஹைடு பெரும்பாலும் தண்ணியோட சேர்ந்து வேற உருவத்துல (மெத்திலீன் கிளைக்கால்) உட்கார்ந்திருக்கும். அந்த உருவம் திசுவுக்குள்ள சுலபமா நுழையும், ஆனா பாலம் போடாது. பாலம் போடுறது மிச்சமிருக்கிற துளியூண்டு ஃபார்மால்டிஹைடு மட்டும். அது தீரத் தீர இன்னும் கொஞ்சம் உருமாறி வரும். அதனால ஃபார்மலின் உள்ளே போயிடுச்சு என்பதால் வேலை முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. நேரம் கொடுக்கணும். இந்த நேரக் கணக்கு தெரியாம போனா என்ன ஆகும்? அதுக்கு ஒரு மீன் கதை இருக்கு.

டிசம்பர் 22, 1938

தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன்னு ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு குட்டி மியூசியம். அதோட காப்பாட்சியர் மார்ஜரி கோர்ட்னே-லாட்டிமர், வயசு 31. மீன் பிடிக்கிற கேப்டன் ஹென்ட்ரிக் கூசென் தன் வலையில் ஏதாவது விசித்திரமா மாட்டினா அம்மணிக்குச் சொல்லி அனுப்புவது வழக்கம். அன்னிக்கும் சொல்லி அனுப்பினார். அம்மணி துறைமுகத்துக்குப் போய் மீன் குவியலைக் கிளறினால், அடியில் நீல நிறத்துல, கவசம் மாதிரி செதிலோட, கை கால் மாதிரி சதைப்பிடிப்பான துடுப்புகளோட ஒரு மீன். நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். எடை 57 கிலோ.

இது ஏதோ அபூர்வம்னு அவங்களுக்குப் பட்டுடுச்சு. ஆனா தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் கோடைக்காலம். வெயில் கொளுத்துது. டாக்சிக்காரர் இந்த நாத்தத்தை ஏத்த மாட்டேன்னு தகராறு. எப்படியோ மியூசியத்துக்குக் கொண்டுவந்தா, மியூசியக் குழுத் தலைவர் பார்த்துட்டு, இது சாதாரண ராக் காட் (நம்ம ஊர்ல கலவான்னு சொல்ற வகை) என்று ஒதுக்கிட்டார். அம்மணி விடலை. பிணவறைக்குப் போனாங்க, இடம் தரலை. குளிர்சாதனக் கிடங்குக்குப் போனாங்க, அங்கயும் மாட்டேன்னுட்டாங்க. கடைசியில் பாடம் பண்ணுறவரான ராபர்ட் சென்டர் என்பவரிடம் கொண்டுபோய், கையில் கிடைச்ச கொஞ்சம் ஃபார்மலினில் செய்தித்தாளையும் படுக்கை விரிப்பையும் நனைச்சு மீனைச் சுத்தி வச்சாங்க.

மறுநாளே கிரஹாம்ஸ்டவுன் ரோட்ஸ் பல்கலைக் கல்லூரியில் இருந்த ஜே.எல்.பி. ஸ்மித்துக்குப் படம் வரைஞ்சு கடிதம் போட்டாங்க. ஸ்மித்துக்குத் தொழில் வேதியியல் வாத்தியார், மனசு முழுக்க மீன். அவரோ கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வேற ஊர்ல. கடிதம் அவர் கைக்குப் போனது ஜனவரி 3. படத்தைப் பார்த்ததும் ஆளுக்குத் தலை சுத்திடுச்சு. ஏன்னா அது சீலகாந்த். டைனோசரோட சேர்ந்து அழிஞ்சு போச்சுன்னு எல்லா அறிஞர்களும் சத்தியம் பண்ணின மீன் வகை! எலும்பையும் செவுளையும் எப்படியாவது காப்பாத்துங்கன்னு தந்தி அடிச்சார்.

தந்தி வரதுக்கு ஒரு வாரம் முன்னாடியே காரியம் கெட்டுப் போயிருந்தது. அஞ்சு நாள் கழிச்சுப் பிரிச்சுப் பார்த்தப்பவே மீனிலிருந்து எண்ணெய் வழிஞ்சிருந்தது. ஃபார்மலின் உள்ளே போகவே இல்லை. தோல் மட்டும் தப்பிச்சது. வயித்துக்குள்ள எல்லாம் அழுகல். வேற வழியில்லாம தோலை உரிச்சுப் பாடம் பண்ணி, உள்ளுறுப்புகளைத் தூக்கிப் போட்டுட்டாங்க. எடுத்த போட்டோ ஃபிலிமும் பாழ்.

ஏன் இப்படி ஆச்சு? ஃபார்மலின் திசுவுக்குள்ள நகர்கிற வேகம் ரொம்பக் கம்மி. தோராயமா முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிமீட்டர். அப்புறம் இன்னும் மெதுவாகும். ஆழம் ரெண்டு மடங்கு ஆகணும்னா நேரம் நாலு மடங்கு ஆகணும். அதாவது ஒரு சென்டிமீட்டர் போகவே நூறு மணி நேரம், நாலு நாளுக்கு மேல! அழுகலோ உள்ளே குடலில் இருந்து ஆரம்பிக்குது. கோடையில் அது நாலு நாள் காத்திருக்குமா? இதுல அந்த மீனுக்கு உடம்பெல்லாம் கவசச் செதில் வேற. அந்தப் பெண்மணி மேல தப்பே சொல்ல முடியாது. ஒரு ஊரே கையை விரிச்ச பிறகு, கிடைச்சதை வச்சுத் தோலையாவது காப்பாத்தினாங்க. 1939 பிப்ரவரி 16 அன்னிக்கு ஸ்மித் நேரில் வந்து அந்தப் பாடம் பண்ணின மீனைப் பார்த்தார். அவங்க பேரையே அதுக்கு வச்சார்: லாட்டிமேரியா சாலம்னே.

ஆனா உள்ளே இதயம் எப்படி இருந்தது, குடல் எப்படி இருந்ததுன்னு யாருக்கும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்க உலகம் இன்னும் 14 வருஷம் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. ஸ்மித் நூறு பவுண்டு பரிசு அறிவிச்சு நோட்டீஸ் அடிச்சு ஆப்பிரிக்கக் கரையெல்லாம் ஒட்டினார். 1952 டிசம்பரில் கொமோரோ தீவுகளில் ரெண்டாவது மீன் மாட்டியது. எரிக் ஹன்ட் என்ற கப்பல்காரர் முதலில் உப்புப் போட்டு வச்சு, அப்புறம் ஃபார்மலின் தேடிப் பிடிச்சு ஊசியால் உடம்புக்குள்ள ஏத்தினார். பாருங்க, வெளியே சுத்தாம உள்ளே ஏத்தினார்! பிரதமர் மலான் கொடுத்த ராணுவ விமானத்தில் ஸ்மித் பறந்து போய், பெட்டியைத் திறந்து பார்த்து அழுதே விட்டாராம்.

பெரிய உடலா இருந்தா வயித்தைக் கீறி விடணும், இல்லைன்னா ஊசியில் உள்ளே செலுத்தணும். சின்னத் துண்டா இருந்தா அரை சென்டிமீட்டருக்கு மேல தடிமன் இல்லாம வெட்டணும். திசுவைப் போல பத்து முதல் இருபது மடங்கு கரைசல் இருக்கணும். எல்லா லேப் புத்தகத்திலும் இருக்கிற இந்த விதிகளை வறட்டு விதின்னு நினைச்சா, ஈஸ்ட் லண்டன் மீனை நினைச்சுக்குங்க.

எண்பது வருஷம் கழித்துப் பேசிய சிப்பாய்

அது தோத்த கதை. ஜெயிச்ச கதையும் ஒண்ணு சொல்லணும். 1918 செப்டம்பர் 26, அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் ஒரு ராணுவ முகாமில் 21 வயசுச் சிப்பாய் ஒருவர் ஃப்ளூ காய்ச்சலில் இறந்தார். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேரைக் கொன்ற அதே ஃப்ளூ. பிரேதப் பரிசோதனை செஞ்ச டாக்டர் நுரையீரலில் இருந்து சின்னத் துண்டுகளை எடுத்து, ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதிச்சு வாஷிங்டனுக்கு அனுப்பினார். அப்போ வைரஸ்தான் ஃப்ளூவுக்குக் காரணம்னே யாருக்கும் தெரியாது.

அந்த மெழுகுக்கட்டி ராணுவ நோய்க்குறியியல் கழகத்தின் கிடங்கில் கிட்டத்தட்ட எண்பது வருஷம் தூங்கியது. 1997-ல் ஜெஃப்ரி டாபன்பெர்கர் குழு அதைத் தேடி எடுத்து, வைரஸின் மரபுத் துண்டுகளைப் படிச்சாங்க. ஃபார்மலின் மரபணுவைச் சின்னச் சின்னத் துண்டா உடைச்சிருந்தாலும் ஒட்டிப் படிக்க முடிந்தது. அலாஸ்காவின் உறைபனிக்குள் புதைஞ்சிருந்த ஒரு உடலில் இருந்தும் திசு கிடைக்க, 2005-ல் முழு வரிசையும் தெரிஞ்சது. 1918-ல் ஒருத்தர் தன் வேலையை ஒழுங்கா செஞ்சு லேபிள் ஒட்டி வச்சதால வந்த வினை. நல்ல வினை!

மூக்கும் ஒரு உறுப்புதானே

இப்போ வில்லங்கமான பகுதி. புரதத்தைப் புரதத்தோட கட்டிப் போடுற சமாச்சாரத்துக்கு எலித் திசு, மனுஷத் திசுன்னு பேதம் கிடையாது. ப்ளூமின் விரல் கெட்டியானது அதனாலதான். ஜாடியைத் திறந்தா கண் எரியுதே, அது நம்ம கண்ணையும் மூக்கையும் அது ஃபிக்ஸ் பண்ண ஆரம்பிச்சதோட அறிகுறி.

1980 வாக்கில் அமெரிக்காவில் ஃபார்மால்டிஹைடை ரெண்டு வருஷம் சுவாசிச்ச எலிகளுக்கு மூக்கில் புற்றுநோய் வந்தது தெரிஞ்சது. 1992-ல் அந்த நாட்டில் வேலையிட வரம்பை எட்டு மணி நேர சராசரிக்கு 0.75 பி.பி.எம். என்று குறைச்சாங்க. அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் முக்கால் பங்கு. 2004 ஜூனில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு முதல் பிரிவில் சேர்த்தது. 2009-ல் ரத்தப் புற்றுநோயையும் பட்டியலில் சேர்த்தாங்க. கண்டுபிடிச்சு நூறு வருஷம் கழிச்சுத்தான் இதெல்லாம்! அதுவரைக்கும் வெறும் கையால அள்ளிப் போட்ட லேப் உதவியாளர்கள், பிணவறை ஊழியர்கள் எத்தனை பேரோ.

நான் பார்த்த ஒரு கல்லூரி லேபில் (பேர் வேண்டாம்) ஃபார்மலின் கேன் ஜன்னலே இல்லாத ஸ்டோர் ரூமில் இருக்கும். அதைக் கலக்குறது அட்டெண்டர் அண்ணன். முகத்தில் கைக்குட்டை கட்டியிருப்பார். "பழகிடுச்சு தம்பி, இப்பல்லாம் வாடையே தெரியறதில்ல" என்பார். அதுதான் பயமே. மூக்கு மரத்துப் போகுமே தவிர, காத்துல இருக்கிறது குறையாது. கைக்குட்டையோ சாதாரண துணி முகமூடியோ வாயுவைத் தடுக்காது.

செய்ய வேண்டியது பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கலக்குறதும் ஊத்துறதும் காற்றை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூடுக்குள்ள நடக்கணும். நைட்ரைல் கையுறை, கண்ணை முழுசா மூடுற கண்ணாடி வேணும். கண்ணில் பட்டா உடனே 15 நிமிஷம் தண்ணி விட்டுக் கழுவிட்டு டாக்டர்கிட்ட ஓடணும். ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிளீச்சிங் சமாச்சாரம் பக்கத்துலயே வைக்கக் கூடாது. வாங்கின கரைசலில் மெத்தனால் இருப்பதால தீயும் ஆகாது. கழிவை வாஷ்பேசினில் கொட்டக் கூடாது. ஜாடி வாய் அகலமா இருக்கணும், மூடி இறுக்கமா இருக்கணும். மேல பேர், தேதி, உள்ளே போட்ட மணி எழுதணும்.

பஃபர் கலக்குறதும் முக்கியம். சும்மா வச்சிருந்தா ஃபார்மலின் கொஞ்சம் கொஞ்சமா ஃபார்மிக் அமிலமா மாறும். அந்த அமிலம் திசுவில் இருக்கிற ரத்தத்தோட சேர்ந்து கருப்புத் துகளாப் படியும், எலும்பில் சுண்ணாம்பைக் கரைக்கும். அதுக்குத்தான் ஒரு லிட்டருக்கு 100 மில்லி ஃபார்மலின், 900 மில்லி தண்ணி, கூடவே 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 6.5 கிராம் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்னு கணக்கு. மியூசியத்தில் வருஷக்கணக்கா வைக்கிற மாதிரிகளை ஃபார்மலினில் ஃபிக்ஸ் பண்ணி, கழுவி, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாத்திடுவாங்க. பார்க்கிறவங்க மூக்குக்கும் நல்லது.

மணி எழுதணும்னு சொன்னேனே, அது சம்பிரதாயம் இல்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டியில் இருந்து எடுத்த திசுவை 6 மணி நேரத்துக்குக் குறையாம, 72 மணி நேரத்துக்கு மேல போகாம ஃபார்மலினில் வைக்கணும்னு விதி இருக்கு. அந்தக் கட்டிக்கு ஹார்மோன் மருந்து வேலை செய்யுமா செய்யாதான்னு சொல்ற சோதனை இதை நம்பித்தான் இருக்கு. அவசரப்பட்டு எடுத்தா, இருக்கிறதை இல்லைன்னு ரிப்போர்ட் சொல்லிடலாம். அந்த ரிப்போர்ட்டின் மறுமுனையில் யாரோ ஒரு அம்மாவோ அக்காவோ காத்திருக்காங்க.

லாட்டிமர் அம்மையார் 2004 மே மாசம் 97 வயசில் காலமானார். அதுக்கு அடுத்த மாசம்தான் ஃபார்மால்டிஹைடு பற்றிய அந்தப் புற்றுநோய் அறிவிப்பு வந்தது. அவங்க தோலைக் காப்பாத்திய மீன் இன்னமும் ஈஸ்ட் லண்டன் மியூசியத்தில்தான் இருக்கு.

லேபில் வேலை பார்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, நாளைக்கு ஃபார்மலின் கேனை எடுக்கிறதுக்கு முன்னாடி ஃப்யூம் ஹூடோட விசிறி ஓடுதான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.